யோஸ்ட் போட்ட கணக்கு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்றொரு ஊர். ஜனத்தொகையே சுமார் 1.2 லட்சம்தான். ஆனால், அங்குள்ள பல்கலைக்கழகத்து ஃபுட்பால் ஸ்டேடியத்தில் எத்தனை பேர் உட்காரலாம் தெரியுமா? 1,07,601 பேர்!

இது நம்ம ஊர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டம். மேட்ச் நடக்கும் சனிக்கிழமைகளில் எங்கு பார்த்தாலும் மஞ்சளும் நீலமும்தான். சுரங்கப் பாதையிலிருந்து பாண்டு கோஷ்டி ஓடி வந்ததும் கூட்டம் எழுந்து நிற்கும்.

எல்லாம் ஃபீல்டிங் யோஸ்ட் போட்ட கணக்கு. வரிப் பணத்தைத் தொடாமல், 500 டாலர் கடன் பத்திரங்களை விற்றார். வட்டி வெறும் 3 சதவிகிதம். கூடவே, நல்ல இடத்தில் டிக்கெட் உறுதி! 1927-ல் 72,000 பேருக்குக் கட்டியவர், அஸ்திவாரத்தை மட்டும் 1 லட்சம் பேரைத் தாங்குகிற மாதிரி போட்டுவைத்தார்.

1956-ல் இருக்கைகள் லட்சத்தைத் தாண்டின. பார்க்க யோஸ்ட் இல்லை. 1946-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தான் உட்காராத நாற்காலிக்கும் அஸ்திவாரம் போட்ட மனுஷன், என்ன சொல்றீங்க?