ரேடியோ நெல்லும் ஐந்தாவது பாத்தியும்

அறுபதுகளில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்று பெயர். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடி 27தான் அது. திருச்சி வானொலியில் சொல்லிச் சொல்லியே பரவியதால் விவசாயிகளே வைத்த பெயர். கோயம்புத்தூரின் ஜிஇபி 24-க்கும் ஜப்பானின் நோரின் 10-க்கும் பிறந்த பிள்ளை. கட்டாக்கை மையமாக வைத்து ஐம்பதுகளில் நடந்த இண்டிகா–ஜப்பானிகா ஒட்டு முயற்சியில் தேறியது ரொம்பக் கொஞ்சம். இது ஒன்று, மலேசியாவின் மசூரி இன்னொன்று.

அந்த முயற்சி எதுக்கு? நம்ம பழைய நெட்டை ரகங்களுக்கு உரம் கூட்டினால் விளைச்சல் கொஞ்ச தூரம் ஏறும். அப்புறம் பயிர் சாய்ந்துவிடும், விளைச்சல் இறங்கும். அதாவது உரத்துக்கும் விளைச்சலுக்கும் உள்ள உறவு நேர்கோடு இல்லை, வளைவு. இங்கேதான் புள்ளியியல் உள்ளே வருகிறது.

ஒரு கணக்காகப் பார்ப்போம். நான்கு பாத்திகள். உறவு நேர்கோடு என்று நம்பினால், இரண்டில் உரமே போடாமல், இரண்டில் அதிகபட்ச அளவு போட்டுப் பார்ப்பதுதான் உத்தமமான வடிவமைப்பு. இந்த மாதிரி உத்தம வடிவமைப்பைத் தேடும் வேலையை 1918-லேயே கிர்ஸ்டினே ஸ்மித் என்ற டேனிஷ் பெண்மணி தொடங்கிவிட்டார். கீஃபரும் வுல்ஃபோவிட்ஸும் 1960-ல் அதற்கு உறுதியான கோட்பாடு தந்தார்கள். எவ்வளவு தகவல் கிடைக்கிறது என்பதை ஒரு அணிக்கோவையால் அளப்பது ஒரு வழி. நம்ம நான்கு பாத்திக்கு (கீழ் அளவு −1, மேல் அளவு +1 என்று வைத்தால்) அது 16.

இப்ப ஐந்தாவது பாத்திக்கு இடம் கிடைத்தது. எங்கே வைக்கலாம்? முனையில் வைத்தால் 16 என்பது 24 ஆகும். நடு அளவில் வைத்தால் 20 தான். ஏற்கெனவே எங்கே நம் கணிப்பு அதிகம் தடுமாறுகிறதோ அங்கே அடுத்த பாத்தியைப் போடு என்பதுதான் விதி. கையில் உள்ள சோதனையோடு கூடுதல் பாத்திகளைச் சேர்க்கும் முறையை 1971-ல் டைக்ஸ்ட்ரா கட்டுரையாகவே எழுதினார்.

ஆனால் விதி ‘முனை’ என்கிறது, நெல் ‘நடு’ என்கிறது! வளைவைத் தேடுகிற கணக்கில் அந்த நான்கு பாத்திகளின் அணிக்கோவை பூஜ்யம். அதாவது பயிர் சாய்வதை அந்தச் சோதனையால் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. நடுவில் ஒரே ஒரு பாத்தி சேர்த்தால் 0 என்பது 16 ஆகிவிடும். ‘உத்தமம்’ என்ற சொல்லைக் கேட்டதும் எதற்கு உத்தமம் என்று கேட்க வேண்டியது இதனால்தான். எந்த மாதிரியை நம்பிப் போட்டதோ, அதுக்கு மட்டும்தான் உத்தமம்.

அதைவிடப் பெரிய வம்பு ஒன்று உண்டு. டெல்டாவில் குறுவை வருஷத்துக்கு ஒரு முறைதான். இந்தக் குறுவையில் நான்கு பாத்தி, அடுத்த குறுவையில் நடுப்பாத்தி மட்டும் என்று போட்டால், வந்த வித்தியாசம் உரத்தினாலா, இல்லை அந்த வருஷம் மேட்டூர் ஜூன் 12-ல் திறக்காமல் தண்ணி தாமதமானதாலா? பிரிக்கவே முடியாது. எத்தனை கணிப்பொறி இருந்தாலும் முடியாது. அதனால் புதுப் பாத்தியோடு பழைய முனைப் பாத்தி ஒன்றையாவது மறுபடி நட்டாக வேண்டும். அணிக்கோவையைப் பார்த்தால் அது வீண் செலவு மாதிரித் தெரியும். ஆனால் இரண்டு வருஷத்தையும் கட்டிப்போடும் கயிறு அதுதான்.

இதே கயிற்றை வேறு பக்கமிருந்து பிடித்தவர் ஃபெடரர். 1956-ல், ஹவாய் கரும்புத் தோட்டக்காரர்களின் இதழில் அதை எழுதினார், தலைப்பில் ஒரு ஹவாய் மொழிச் சொல்லையும் சேர்த்து. புது ரகங்கள் ஏராளம், ஒவ்வொன்றுக்கும் இருக்கும் விதை ஒரு பாத்திக்குத்தான் காணும். அப்ப என்ன செய்வது? நன்றாகத் தெரிந்த சில பழைய ரகங்களை எல்லாத் தொகுதியிலும் திரும்பத் திரும்ப நட வேண்டும். புதியவை ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை. மண் வேறுபாட்டைப் பழையவை காட்டிக்கொடுக்கும், அதைக் கழித்துவிட்டுப் புதியவற்றை ஒப்பிடலாம். நெல் ரகத் தேர்வின் ஆரம்பக் கட்டத்தில் இன்றும் ஆராய்ச்சி நிலையங்கள் கையாளும் முறை இது. வயலில் போய்ப் பார்த்தால், எதற்கு இந்த ஒரே ரகத்தை இத்தனை இடத்தில் நட்டு வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும்.