கிள்ளான் பள்ளத்தாக்கின் கன்டோனிஸ் மரபுத்தொடர்கள்

சிலாங்கூரின் பெட்டாலிங் மாவட்டத்தில் உள்ள ஸ்ரீ கெம்பாங்கான், மலாயா அவசரகாலத்தின்போது 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் குடியேற்றத் திட்டத்தால் உருவான சீனப் புதுக்கிராமத்திலிருந்து வளர்ந்த ஊர். குடியேறியவர்களில் ஹக்கா மக்களே மிகுதி. ஆனாலும் கோலாலம்பூரின் வியாபார மொழியான கன்டோனிஸ் இங்கும் செல்லுபடியானது. ஹாங்காங் தொலைக்காட்சித் தொடர்கள் அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தன. ஆகவே இவ்வூரில் பலருக்கும் கன்டோனிஸ் மரபுத்தொடர்கள் பழகிப் பெற்றவை. அப்படிப் பழகுகிறவர் முதலில் கற்க வேண்டியது, ஒரு தொடர் பழியை யார் தலையில் வைக்கிறது என்பதை.

'ஃபோங் ஃபெய் கெய்', அதாவது விமானம் விடுதல், வருவதாகச் சொன்னவர் வராமல் போவதைக் குறிக்கும். பழி வராதவருக்கு; காத்திருந்தவர் தொடரின் நடுவில் வந்து நிற்பார். 'ஃபோங் ஙோ ஃபெய் கெய்' என்றால் காத்திருந்து ஏமாந்தது நான். 'சாவ் யாவ் யூ' என்பது கணவாய் வறுத்தல். நம் வழக்கில் சீட்டுக் கிழிந்த கதை. வாணலியில் கணவாய் சுருள்வது, வேலை போனவர் படுக்கையைச் சுருட்டுவதை நினைவூட்டுகிறது என்பார்கள். பேச்சில் கணவாய் கழன்று 'சாவ்' மட்டுமே நிற்பதும் உண்டு. 'சிக் செய் மாவ்', செத்த பூனையைத் தின்பது, பிறர் செய்த தவறைத் தான் சுமப்பது. அகப்பட்டவரோ அவருக்குப் பரிந்து பேசுபவரோ சொல்லலாம்; முதலாளியின் முன்னிலையில் சொன்னால் உண்மைக் குற்றவாளி வேறு யாரோ என்று சொன்னதாகிவிடும். 'காய் துங் ஆப் கோங்', கோழி வாத்தோடு பேசுவது, யாரையும் குற்றம் சொல்லாது. இருவரும் பேசுகிறார்கள், இருவருக்கும் புரியவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் பல மொழிகள் மோதும் கடைவீதியில் முன்பின் தெரியாதவரிடமும் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. வாத்து வறுவல் கடையும் பொரித்த கோழிக் கடையும் போட்டியிடும் 1988ஆம் ஆண்டின் ஹாங்காங் படத்துக்கு மைக்கேல் ஹூய் குழுவினர் இதையே பெயராக வைத்தனர்.

சொற்கள் மனக்கண்ணில் எழுப்பும் காட்சிதானே இத்தொடர்களின் உயிர் என்று கேட்கலாம். சுவைக்கு அது உயிர்தான். பயன்பாட்டுக்கு அது கட்டாயமில்லை. 'எஃப்எஃப்கே' என்று சுருங்கிய விமானத்தை, கன்டோனிஸ் அறியாத மலேசிய இளைஞர்களும் குறுஞ்செய்தியில் பிழையின்றிக் கையாளுகிறார்கள். சீனப் பள்ளிகள் மாண்டரின் கற்பிப்பதால் இவ்வழக்கே அழியும் என்ற அச்சத்தில் பாதி நியாயம் உண்டு. கணவாயும் கோழி-வாத்தும் மாண்டரினுக்குள்ளும் புகுந்து நிலைத்துவிட்டன. செத்த பூனை அந்த அளவுக்கு அங்கே ஊன்றவில்லை. அது இன்னும் பெரும்பாலும் கன்டோனிஸ் பேசுவோர் வாயில்தான் இருக்கிறது.