ஓசையில்லாத ஒற்றன்

ஜவ்வாது மலைக் காவலூரில் 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை நிறுத்தி, நட்சத்திர ஒளியை ஆராயத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில், அதே நட்சத்திர ஒளியைப் பெருக்கிக் காட்டும் கருவியுடன் இரண்டு அமெரிக்க விமானங்கள் இரவில் மனிதரைத் தேடித் திரிந்தன. 

வேவு விமானத்துக்கு முதல் எதிரி அதன் இரைச்சல்தான். கண் காணுமுன் காது கண்டுபிடித்துவிடும். லாக்ஹீட் கம்பெனியார் இதற்கு மருந்து தேடியது, பொழுதுபோக்காகப் பறப்பவர்களின் கொட்டகையில்! எஞ்சினே இல்லாமல் காற்றில் மிதக்கும் ஷ்வைசர் கிளைடரை எடுத்துக்கொண்டார்கள். நீண்ட இறக்கையாதலால் சிறிய எஞ்சின் போதும். அதன் புகைக்குழாய்க்குப் பெரிய சைலன்ஸர். எஞ்சினுக்கும் விசிறிக்கும் நடுவே பெல்ட். விசிறி பெரிதாக இருந்து மெதுவாகச் சுற்றினால் சத்தம் குறைவு. மேசை விசிறியின் இரைச்சலையும் கூரை விசிறியின் அமைதியையும் நாம் அறிவோம் அல்லவா?

பிறகு இதே இறக்கையை வைத்து வொய்.ஓ.-3ஏ என்று பதினொன்று செய்தார்கள். 1970, 71-ல் வியட்நாமில் பறந்தவற்றில் ஒன்றைக்கூட எதிரி சுட்டு வீழ்த்தவில்லை. தலைக்கு மேல் போவதே தெரியாதபோது எங்கே சுடுவது? ஆனால் இருட்டில் வரப்போரம் நடந்தவன் சிப்பாயா, குடியானவனா என்பதை அந்தக் கருவி சொல்லாது.

போர் முடிந்தபின் அவற்றில் ஒன்று நாசாவிடம் போய்ச் சேர்ந்தது. மற்ற விமானங்கள், ஹெலிகாப்டர்களின் இரைச்சலைப் பக்கத்தில் பறந்து அளக்க அதை வைத்துக்கொண்டார்கள்.