சிதம்பரம் முதல்வரும் திருக்கோவலூர்க் கல்வெட்டும்

ராஜராஜ சோழனின் தாய் வானவன் மாதேவி, மலையமான் குலத்துப் பெண். கணவன் சுந்தர சோழன் இறந்ததும், பால்குடிப் பிள்ளையைக்கூடப் பிரிந்து அவள் தீப்பாய்ந்தாள் என்கிறது ஒரு கல்வெட்டு. அது இருப்பது திருக்கோவலூரை ஒட்டிய கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில். பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த கதையையும் அதே கல்வெட்டு சொல்கிறது.

இப்படிப்பட்ட கல்லெழுத்துகளை அடுக்கிச் சோழர் வரலாற்றைக் கட்டியெழுப்பியவர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. 1892-இல் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவர். நெல்லையிலும் காசியிலும் பாடம் நடத்திவிட்டு, 1920-இல் அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் தொடங்கிய மீனாட்சி கல்லூரிக்கு முதல்வராக வந்தார். அந்தக் கல்லூரியே 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அவரோ அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியரானார். பாண்டியரைப் பற்றிய அவருடைய நூலும் அந்த ஆண்டே வந்தது. 'சோழர்கள்' 1935, 1937 ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்தது. ஆங்கிலத்தில்தான்! தஞ்சாவூர்க்காரர் தம் ஊர்ப் பெருமையைப் படிக்கவும் ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

அந்த வரலாற்றில், திருக்கோவலூர் உள்ள இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம் வெறும் வழிப்போக்கு நிலமல்ல. ராஷ்டிரகூடர் எந்நேரமும் இறங்கி வரலாம் என்று முதலாம் பராந்தகன் தன் மகன் ராஜாதித்தனைப் படையோடு நிறுத்தியிருந்த திருமுனைப்பாடி நாடு இது. உளுந்தூர்ப்பேட்டை அருகே திருநாவலூர்க் கோயிலில் ராஜாதித்தனின் பரிவாரத்தைச் சேர்ந்த சேர நாட்டு வீரர்கள் அளித்த கொடைகள் பொறிக்கப்பட்டுள்ளன. 949-இல் ராஷ்டிரகூடரோடு நடந்த தக்கோலப் போரில் அவன் யானை மேலிருந்தபடியே மாண்டான். பிறகு அதே கோயிலில் எதிரியின் பெயரும் ஏறியது: 'கன்னரதேவன்', அதாவது ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். கோயில் கணக்குக்கு வென்றவன், தோற்றவன் என்ற பேதம் கிடையாது. விளக்குக்கு நெய் வந்தால் போதும்.

மேற்கே கல்வராயன் மலைக்குப் போனால் கல்வெட்டை நம்பும் இந்த ஆய்வுமுறை திணறுகிறது. தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அங்குள்ள மலையாளிப் பழங்குடியினரின் வாய்மொழி மரபு. அதற்குக் கல்வெட்டுச் சான்று கேட்டால் யார் தருவது? அரசர்களின் ஆட்சியாண்டுகளை வரிசைப்படுத்துவதில் சாஸ்திரிக்கு இணை அரிது. பாட்டி சொன்ன கதையை எடைபோட அந்தத் தராசு போதாது. சாஸ்திரி எழுதிய காலத்திலும் அந்த மலையில் பழைய ஆட்சியே நடந்துகொண்டிருந்தது. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் எனப் பரம்பரைத் தலைவர்களின் பெயரில் மூன்று ஜாகீர்கள், அதாவது மானிய நிலப்பகுதிகள். சாஸ்திரி 1975-இல் காலமானார். ஜாகீர்களை அரசு எடுத்துக்கொண்டது 1976-இல்.