முகமூடி வீரரும் கறுத்த தோழரும்



நான் சிறுவனாக இருந்த காலத்தில் மந்தைவெளியில் எங்கள் தெருக்கோடியில் ஒரு வாடகை நூல்நிலையம் இருந்தது. சிவகாசியிலிருந்து 1972 முதல் வெளிவந்த முத்து காமிக்ஸ் முதலான படக்கதைகள் அங்கே கிடைக்கும். பள்ளி விட்டதும் ஓடுவோம். படித்த கதையை மாலையில் நடித்தும் பார்ப்போம். மந்திரவாதி மாண்ட்ரேக் வேடம் எனக்கு. அவனுடைய ஆப்பிரிக்கத் தோழன் லொதாராக, எங்களுள் மிகக் கறுத்த நண்பன் ஒருவனை அமர்த்தினோம். ஆட்டம் முடிந்த பின்னும் அப்பெயர் அவனை விட்டு நீங்கவில்லை. வகுப்பிலும் அவன் லொதார்தான். எங்கள் புத்தகப் பைகளையும் அவனே சுமப்பான். ஒரு நாள் அவன் கேட்டான்: "ஏண்டா, ஒரு நாளாவது நான் மந்திரவாதியா இருக்கக் கூடாதா?" நாங்கள் சிரித்தோம். நாங்கள் ஏன் சிரித்தோம்? அதை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

மாண்ட்ரேக் 1934-ஆம் ஆண்டிலும், முகமூடி வீரன் பாண்டம் 1936-ஆம் ஆண்டிலும் அமெரிக்க நாளேடுகளில் தோன்றினர். இருவரையும் படைத்தவர் லீ ஃபாக். அக்காலத்தில் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும் நம் நாடும் ஐரோப்பியர் ஆட்சியில் இருந்தன என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். லொதார் ஓர் அரச குமாரன். ஒப்பற்ற உடல் வலிமை படைத்தவன். ஆயினும் அரசைத் துறந்து மந்திரவாதிக்குப் பணி செய்கிறான். சிறுத்தைத் தோல் உடுத்துக் கொச்சை ஆங்கிலம் பேசுகிறான்.

பாண்டத்தின் கதையும் இத்தகையதே. 1536-இல் கடற்கொள்ளையரிடமிருந்து தப்பிக் கரை சேர்ந்த வெள்ளையன் ஒருவனைப் பண்டார் என்னும் குள்ளர் குலத்தார் காப்பாற்றுகின்றனர். அவன் வழிவந்தோர் தலைமுறைதோறும் முகமூடி அணிந்து நீதி காக்கின்றனர். காட்டில் வாழும் பிற குலத்தாரோ, சாவே இல்லாத ஒருவன் உலவுவதாக நம்பி அஞ்சுகின்றனர். உயிரைக் காத்தவர் கறுப்பர். காவலன் என்று போற்றப்படுபவன் வெள்ளையன்!

இனி நம் நாட்டில் நடந்ததைக் காண்போம். 1964-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் டைம்ஸ் ஆப் இந்தியா நிறுவனத்தார் இந்திரஜால் காமிக்ஸ் என்னும் வரிசையைத் தொடங்கினர். முதல் இதழே பாண்டத்தின் கதைதான். மூலக் கதையில் வீரன் வாழும் நாட்டின் பெயர் பெங்காலி. கொள்ளையர் 'சிங்' கூட்டத்தார். வீரனின் தந்தையைக் கொன்றவன் பெயர் ராமா. இப்பெயர்கள் இந்தியர் மனத்தைப் புண்படுத்தும் என்று பதிப்பாசிரியர்கள் கருதினர். ஆகவே பெங்காலி டெங்காலி ஆயிற்று. சிங் சிங்கா ஆயிற்று. ராமா ராமலு ஆனான்.

அவர்கள் செய்தது தவறன்று. ஆனால் வெள்ளையனைக் கண்டு நடுங்கும் ஆப்பிரிக்கரின் படங்கள் மாறாமல் நின்றன. நம் பெயரில் விழுந்த கறையைத் துடைத்த கை, அயலான் முகத்தில் பூசிய கரியைத் துடைக்கவில்லை. படித்த நாமும் அதைக் கேட்கவில்லை. நம் காலில் தைத்தால்தான் அது முள் என்று எண்ணிவிட்டோம்.

'வெறும் கதைதானே, இதனால் என்ன கேடு?' எனச் சிலர் வினவலாம். படக்கதை வீரர்கள் திரைக்குச் சென்றபோது நிகழ்ந்ததைப் பாருங்கள். 1943-இல் பேட்மேன் கதை 15 பகுதிகள் கொண்ட தொடர்படமாக வந்தது. அதன் கொடியவன் டாக்டர் டாக்கா என்னும் ஜப்பானியன். வேடம் பூண்டவரோ ஐரிஷ் வழிவந்த அமெரிக்க நடிகர். அப்பொழுது ஜப்பானிய மரபினர் ஏறத்தாழ 1,20,000 பேர் அமெரிக்க முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தனர். அச்செயலை அப்படம் பாராட்டியே பேசியது. அது தவறென்று அமெரிக்க அரசு சட்டத்தின் வாயிலாக மன்னிப்புக் கேட்டது 1988-இல்தான்.

காலம் மாறியது. 1960-ஆம் ஆண்டில் மட்டும் 17 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றன. அமெரிக்கக் கறுப்பரும் உரிமைக்குப் போராடினர். அந்த அலை படக்கதையையும் தொட்டது. பாண்டத்தின் நாட்டுக்கு லுவாகா என்னும் ஆப்பிரிக்க மருத்துவர் குடியரசுத் தலைவரானார். 1965-இல் மாண்ட்ரேக்கை வரையத் தொடங்கிய ஃபிரெட் ஃபிரெடரிக்ஸ் லொதாரின் உடையையும் பேச்சையும் திருத்தினார். 1966-இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் வகாண்டா நாட்டு மன்னனான பிளாக் பாந்தரைப் படைத்தனர். அவன் யாருக்கும் ஏவலன் அல்லன்; அறிவியலில் முந்திய நாட்டின் அரசன். 2018-இல் அக்கதை திரைப்படமாகி உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. கறுத்த வீரனின் கதையை மக்கள் விரும்பார் என்னும் சாக்கு அன்றோடு பொய்த்தது.

பிறரைக் குறை கூறி முடித்துவிடலாமா? 1967-இல் தொடங்கிய நம் அமர் சித்திரக் கதை நூல்களிலும் அசுரர் பலர் கறுத்தே காணப்படுகின்றனர். அவ்வளவு ஏன், நான் ஆசிரியனாக இருந்தபோது பள்ளி நாடகத்துக்கு ஒரு முறை வேடப் பட்டியல் எழுதினேன். அரசனுக்கு வெளுத்த மேனியன். அரக்கனுக்குக் கறுத்த மேனியன். என் கை தானாகவே அவ்வாறு பிரித்திருந்தது! பட்டியலைப் படித்துப் பார்த்தபோது, மந்தைவெளித் தெருவில் என் நண்பன் கேட்ட கேள்வி செவியில் ஒலித்தது. தாளைக் கிழித்தேன். மறுநாள் கண்ணை மூடிக் குரலை மட்டும் கேட்டு வேடங்களைக் கொடுத்தேன். அரசன் வேடம் பெற்றவன் நல்ல கறுப்பு.

மாணவர்களே! படக்கதையைப் படியுங்கள், படத்தையும் பாருங்கள். துணிவையும் நட்பையும் நானும் அவற்றில் கண்டு மகிழ்ந்தவன்தான். ஆனால் ஆணையிடுபவன் யார், சுமை தூக்குபவன் யார், அஞ்சி ஓடுபவன் யார் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். பிறகு உங்கள் வகுப்பறையைத் திரும்பிப் பாருங்கள். அங்கே யாரேனும் ஒருவன் உங்கள் பையைச் சுமந்து நின்றால், அதை இன்றே வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கத் தவறினேன்.