குழுவுக்கு ஒரு படிவரிசை: பள்ளிக் கலைத்திருவிழாவில் பல்லியத்துக்கு உருப்படி தேர்தல்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022–23 கல்வியாண்டில் தொடங்கிய கலைத்திருவிழா பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என நான்கு அடுக்காக நடக்கிறது. வாய்ப்பாட்டு, தோற்கருவி, துளைக்கருவி, தந்திக்கருவி ஆகியவற்றோடு பல கருவிகள் கூடி இசைக்கும் குழுப் போட்டியும் (பல்லியம்) அதில் உண்டு. தொடக்க ஆண்டில் 6 முதல் 8 வரை, 9–10, 11–12 என்று வகுப்பை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தார்கள். வயதுக்கு இது சரியான பிரிவு. இசைக்கு? எட்டாம் வகுப்பில் மூன்றாண்டு வயலின் பழகிய பெண்ணும் இருப்பாள், போன மாதம் குழலை முதன்முதலாக வாயில் வைத்த பையனும் இருப்பான். இருவரையும் ஒரே மேடையில் உட்கார வைத்து எந்த உருப்படியை வாசிக்கச் சொல்வது என்ற கேள்வி நேராக ஆசிரியர் தலையில் விழுகிறது. அவர் கையில் அதற்கென ஒரு அளவுகோலும் இல்லை.

அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறதே என்று சொல்லத் தோன்றும். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், சுரஜதி, வர்ணம், கீர்த்தனை: புரந்தரதாசர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்தப் பாடமுறையை விட ஒழுங்கான படிக்கட்டு வேறெங்கு உண்டு? அரசின் தொழில்நுட்பத் தேர்வில் இந்திய இசைக்குக் கீழ்நிலை, மேல்நிலை என்று இரண்டு தரம் வைத்திருப்பதும் இந்த வரிசையை நம்பித்தான். ஆனால் இந்தப் படிக்கட்டு ஒரு ஆளுக்காகக் கட்டியது. ஒரு தொண்டையும் ஒரு ஜோடிக் கையும் படிப்படியாக என்னவெல்லாம் கற்கும் என்பதை அது சொல்லும். பதினோரு பேர் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாது. குழுவின் கடினத்துக்குத் தனி அளவுகோல் வேண்டும், அதைக் கடலூர், சிதம்பரம் வட்டாரத்துப் பாட்டுகளை வைத்தே கட்ட முடியும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியில் நடுவராக உட்கார்ந்திருந்தேன். ஒரு பள்ளிக் குழு கரகரப்பிரியாவில் பெரிய கீர்த்தனை ஒன்றை எடுத்தது. பல்லவியின் முதல் சங்கதியில் எல்லோரும் இருந்தார்கள். இரண்டாவதில் கீபோர்டு நின்றது. மூன்றாவதில் குழல் வாயிலிருந்து இறங்கி மடிக்கு வந்தது. நான்காவது சங்கதியை முதல் வயலின்காரப் பையன் தனியாக, அபாரமாக வாசித்தான். மற்றவர்கள் தொடையில் தாளம் தட்டிக்கொண்டு அவனைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரிசு அந்தக் குழுவுக்கே போனது. நானும் மதிப்பெண்ணைத் தாராளமாகத்தான் போட்டேன். அன்று நாங்கள் கேட்டது பார்வையாளர்களை மேடையிலேயே உட்கார வைத்த ஒரு தனிக் கச்சேரி என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது.

குழுவைத் தடுமாற வைப்பவற்றில் முதலாவது சுருதி. தனியாகப் பாடுகிறவர் தன் குரலுக்கு ஏற்ற கட்டையை எடுத்துக்கொள்வார். குழுவில் அந்தச் சுதந்திரம் இல்லை. வீணை 3 கட்டைக்கு அண்மையில் நிற்கும். பிள்ளைகள் கையில் இருக்கும் குழல் பெரும்பாலும் 5 கட்டை. பாரி நாதசுரம் 2 அல்லது இரண்டரை. மிருதங்கம் தக்கு சுருதியா, ஹெச்சு சுருதியா என்பது பள்ளி பீரோவில் எது கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. இவற்றில் முறுக்கிச் சரிசெய்யக் கூடியவை சில, அசையாதவை சில. வயலின் விட்டுக்கொடுக்கும், கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், குழல் மட்டும் தன் துளைகளை மாற்றாது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்வதை இளங்கோவடிகள் வரிசைப்படுத்துகிறார். குழலின் வழியே யாழ், யாழின் வழியே தண்ணுமை, அதன் பின்னே முழவு, முழவோடு கூடி ஆமந்திரிகை. இதை அழகான வருணனையாகத்தான் வகுப்பில் படித்தோம். பல்லியம் கட்டுகிறவன் கண்ணுக்கு அது நடைமுறைக் குறிப்பாகவும் தெரிகிறது. மாறாத கருவி முன்னே, மாறக்கூடியது பின்னே. குழலின் சுருதியை முதலில் கேட்டுவிட்டுப் பாட்டைத் தேடும் ஆசிரியர், பாட்டை முடிவுசெய்துவிட்டுக் குழலைத் தேடுகிறவரை விட ஒரு மாதம் முன்னே இருக்கிறார்.

குரலும் சேர்ந்தால் வயதுப் பிரிவே ஒரு வேடிக்கை காட்டும். 6 முதல் 8 வரை உள்ள பிரிவில் ஆண், பெண் பெரும்பாலோருக்கு ஒரே உயரம், 5 கட்டையில் எல்லோரும் பாடிவிடலாம். 11–12இல் பையன்களின் குரல் 1 கட்டைப் பக்கம் இறங்கி நிலைத்துவிடும், அதற்கேற்ப வகுத்துக்கொள்ளலாம். நடுவில் இருக்கும் 9–10தான் சங்கடம். பதினான்கு, பதினைந்து வயதில் போன வாரம் எட்டிய மேல் சட்ஜம் இந்த வாரம் உடையும். வகுப்பு ஏற ஏறக் கடினமான பாட்டைக் கொடுக்கலாம் என்ற எளிய கணக்கு இங்கே தலைகீழாகிறது. சேர்ந்து பாடும் பகுதியைப் பொறுத்தவரை நடுப்பிரிவுக்குத்தான் மிக எளிய உருப்படி வேண்டும்.

இரண்டாவது, பாடாந்தரம், அதாவது ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும் பாட்டின் வடிவம். மோகனத்தில் ராமநாதபுரம் ஸ்ரீநிவாச ஐயங்காரின் ஆதிதாள வர்ணம் தனியாகப் படிக்கிறவருக்குக் கீர்த்தனைக்கு முந்திய படிதான், இருந்தும் இரண்டு காலத்தில் வாசிக்க நல்ல உழைப்பு வேண்டும். அதே வர்ணம் குழுவில் எதிர்பாராத அளவு எளிதாகிவிடும். சுரம் சுரமாக எழுதி முடித்தது அது. சங்கதி வளர்வதில்லை, சித்தசுரத்தை யாரும் தன் விருப்பத்துக்கு மாற்றுவதில்லை. நாலு பேர் நாலு ஆசிரியரிடம் கற்றிருந்தாலும் ஒரு வாரத்தில் ஒன்றுபடுத்தி விடலாம். கீர்த்தனை அப்படியில்லை. ஒரே கீர்த்தனை நாலு வீட்டில் நாலு விதமாக இருக்கும், நாலும் சரியாகவும் இருக்கும். அகில இந்திய வானொலி 1952இல் வாத்திய விருந்தா என்ற பல்லியத்தைத் தொடங்கியபோது தேர்ந்த வித்துவான்களை உட்கார வைத்துக்கொண்டே டி.கே. ஜெயராம ஐயர் போன்றவர்கள் ஒவ்வொரு கருவிக்கும் வாசிக்க வேண்டியதை முன்கூட்டி வகுக்க வேண்டியிருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தத் தேவை பத்து மடங்கு.

மூன்றாவது, சுரங்களுக்கு இடையிலான அசைவும் நடையும். அதைச் சொல்ல இரண்டு பாட்டுகளை அருகருகே வைக்கிறேன். இரண்டும் தில்லையைச் சுற்றியவை. சீர்காழியிலிருந்து தில்லைக்கு வந்து பாடியவரென்று மரபு சொல்லும் முத்துத்தாண்டவரின் ‘ஆடிக்கொண்டார்’ மாயாமாளவகௌளை ராகம், ஆதி தாளம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தில் வரும் ‘வருகலாமோ’ மாஞ்சி ராகம், மிச்ர சாபு. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் இரண்டாவதில் சுரங்கள் குறைவு, ஓட்டமும் மெதுவு. அனுபவமில்லாத ஆசிரியர் அதைத்தான் எளிதென்று எடுப்பார். ஆனால் மாஞ்சியின் உயிர் சுரங்களுக்கு இடையில் இருக்கிறது. கொஞ்சம் அசைவு பிசகினால் பக்கத்து வீட்டுப் பைரவி எட்டிப் பார்க்கும். ‘வருகலாமோ’ என்பது நந்தன் கோயிலுக்கு வெளியே நின்று கேட்கும் கேள்வி. அந்த இழுப்பை ஆறு வயலின்கள் ஒரே அளவில் இழுக்க வேண்டும். கீபோர்டுக்கோ அது வராது. மிச்ர சாபுவின் மூன்றும் நான்குமான நடையில் மெதுவாகப் போகும்போது, யாராவது ஒருவர் அரை எண்ணிக்கை முன்னால் வந்துவிடுவார். முதல் பாட்டின் ராகமோ, எந்தப் பிள்ளையும் இசையில் முதன்முதலாகத் தொடுவது. சரளி வரிசை பழகிய கைக்கு அந்த இடங்கள் தெரியும். ரிஷபமும் தைவதமும் எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் தனியே சொல்லித்தர வேண்டியதில்லை. தனிப்பாடகருக்கு இரண்டும் ஒரே படியில் இருக்கலாம். குழுவுக்கு இரண்டுக்கும் இடையே மூன்று படி வித்தியாசம்.

ஆக, வேகம் கடினம், விளம்பம் எளிது என்ற பொதுப்புத்தி பல்லியத்தில் செல்லாது. நந்தனார் சரித்திரத்திலேயே நொண்டிச்சிந்து போன்ற மெட்டுகள் இருக்கின்றன. ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும், சொல் மாறும், மெட்டு மாறாது. கொஞ்சம் விரைவாகப் போனாலும் குழு அதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கோபாலகிருஷ்ண பாரதியாரே கதை கேட்க வந்த கூட்டத்துக்காக எழுதியவர். கூட்டத்தோடு பாடும் வழி அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த வட்டாரத்தில் இசை ஆராய்ச்சிக்கும் குறைவில்லை. அண்ணாமலை நகரில் 1929 முதல் இசைக் கல்லூரி இருக்கிறது. 1941இல் தமிழிசை மாநாடு அங்கேதான் கூடியது. தமிழ்ப் பாட்டுகளைச் சுரதாளக் குறிப்போடு அச்சிட்ட பெரும்பணியும் அங்கே நடந்தது. அன்றைய கேள்வி எந்த மொழியில் பாடுவது என்பது. அது நியாயமான கேள்வி, அதற்கு விடையும் கிடைத்தது. ஆனால் பாடுகிறவர் கச்சேரி மேடையில் உட்கார்ந்த ஒருவர் என்பதை அந்த மொழி வாதத்தின் இரு தரப்புமே கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள். சுரதாளக் குறிப்பு நூல் எதைப் பிரித்தாலும் தலைப்பில் ராகம் இருக்கும், தாளம் இருக்கும், இயற்றியவர் பெயர் இருக்கும். எத்தனை பேர் சேர்ந்து பாடலாம், எந்த நிலைப் பிள்ளைக்கு என்பது இருக்காது. சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை நடத்திய எம்.பி. சீனிவாசன் போன்ற ஒருசிலர்தான் பாட்டைக் கூட்டத்தின் கண்ணோடு பார்த்தார்கள். அவர் பாரதி பாடல்களைப் பல குரல்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது, இசை படிக்காதவர்களும் பிடித்துக்கொள்ளும் வரி எது என்பதை முதலில் பார்த்தார் என்பது அப்பாடல்களைக் கேட்டாலே தெரியும்.

வெளிநாட்டு முறை ஒன்றை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியூயார்க் மாநிலப் பள்ளி இசைச் சங்கம் 1 முதல் 6 வரை நிலை பிரித்த பட்டியலை வைத்து விழாக்களை நடத்துகிறது. டெக்சாஸ் மாநிலத்திலும் பள்ளிக் குழுக்களுக்கு உருப்படி எடுக்க விதித்த பட்டியல் உண்டு. பட்டியலைப் பார்த்து எனக்குப் பொறாமைதான். ஆனால் அந்த நிலைகள் அச்சிட்ட இசைத்தாளைப் பார்த்து வாசிக்கும் பிள்ளைகளுக்கானவை. தொடக்கநிலைத் தந்திக்குழுப் பாட்டுகள் பெரும்பாலும் டி, ஜி சுருதிகளில் இருப்பதற்குக் காரணம், வயலினின் திறந்த தந்திகள் அங்கே உதவுவதுதான். எண்களை விட்டுவிட்டு இந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: கருவி இயல்பாக எங்கே நிற்கிறதோ அங்கிருந்து பாட்டைத் தேடு. நம் பிள்ளைகள் கேட்டுப் பழகுகிறவர்கள். நம் பட்டியலில் சுரங்களின் எண்ணிக்கைக்குப் பதிலாக, கேட்டு மனத்தில் ஏற எத்தனை அமர்வு என்பதுதான் முதல் எண்ணாக வர வேண்டும்.

அந்த எண் கலையைப் பற்றியது மட்டும் அல்ல. 2012இல் அனைவருக்கும் கல்வித் திட்டத்தில் தமிழ்நாடு 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை அமர்த்தியது. ஓவியம், தையல், உடற்கல்வி, இசை போன்ற பாடங்களுக்கு வாரம் மூன்று அரைநாள் வீதம். எல்லாப் பள்ளிக்கும் இசைக்கு ஆள் வாய்த்துவிடவில்லை. வாய்த்த இடத்திலும் விழாவுக்கு முந்தைய ஒரு மாதத்தில் பன்னிரண்டு அரைநாள்தான் கையிருப்பு. மிச்சத்தைப் பள்ளி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பது ஊருக்குள் நடந்து வீடு போகும் பிள்ளைகளுக்குப் பொருந்தும். கடலூர்–சிதம்பரம் ரயில்பாதையை ஒட்டிய செம்மங்குப்பத்தில், 2025 ஜூலை 8 காலை, கேட்டைக் கடந்த பள்ளி வேனில் ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்துபோனார்கள். அந்தப் பக்கத்துப் பெற்றோரிடம் போய், ஒத்திகை முடிந்து இருட்டிய பின் அனுப்புகிறோம் என்று எந்த முகத்தோடு சொல்வது? பள்ளி நேரத்துக்குள் முடியாத உருப்படி அந்தப் பள்ளிக்குக் கடினமான உருப்படி. அதன் ராகம் எதுவாகவும் இருக்கட்டும்.

இப்படிப் படி பிரித்தால் எல்லோரும் கீழ்ப்படியிலேயே நின்றுவிடுவார்கள், கலை சுருங்கும் என்ற மறுப்பை எளிதாகத் தள்ள முடியாது. பட்டியல் இருக்கும் நாடுகளில் அதே பத்துப் பாட்டு ஆண்டுக்கு ஆண்டு சுற்றுவதும் நடக்கிறது. ஆனால் இன்று பட்டியல் இல்லாத இடத்திலும் சுற்றுவது அதே பத்துப் பாட்டுதான். அவற்றில் பாதி வாசிக்க முடியாதவை. நடுவர் தாளில் ‘உருப்படித் தெரிவு’க்கு ஒரு பங்கு மதிப்பெண் வைத்து, குழுவின் நிலைக்குப் பொருந்தியதா என்று பார்த்தால், பெரிய பாட்டின் பெயரைக் காட்டி மதிப்பெண் வாங்கும் ஆசை தானே குறையும். கேரளப் பள்ளிக் கலோத்சவத்தில் விருந்தவாத்தியம் எனும் பல்லியப் போட்டிக்கு ஏ, பி, சி என்று தரம் தருவார்கள். அது வாசிப்புக்குத் தரும் தரம். நான் கேட்பது வாசிப்பதற்கு முன்பே, பாட்டை எடுக்கும் இடத்தில்.

இன்னொன்றும் உண்டு, அதை எந்தப் பட்டியலிலும் எழுதத் தெரியவில்லை. பல பள்ளிகளில் குழுவின் மிகத் தேர்ந்த வாசிப்பாளர் பறை அடிக்கும் பிள்ளைதான். வீட்டில், தெருவில், திருவிழாவில் வளர்ந்த கை. சரளி வரிசைக் கணக்கில் அவனுக்குப் படியே கிடையாது. அதனால் குழுவில் ஓரத்தில் நிறுத்தி, ‘எஃபெக்டு’க்காக நாலு அடி அடிக்கச் சொல்கிறோம். லயத்தில் அவன் மேலே நிற்கிறான், மற்றவர்களின் எடுப்பு அவன் அடியைப் பிடித்து வர வேண்டும். கடினத்தை ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாகக் குறித்தால்தான் இது கண்ணுக்குத் தெரியும்.

அப்படி ஒரு குறிப்பை எழுதிப் பார்க்கிறேன். முத்துத்தாண்டவர், ஆடிக்கொண்டார். மாயாமாளவகௌளை, ஆதி. சுருதி: பள்ளியிலிருக்கும் குழல் எந்தக் கட்டையோ அது. எடுப்பும் சங்கதிகளும் ஆசிரியர் தம் பாடாந்தரப்படி நிரப்ப வேண்டியவை, சங்கதி இரண்டுக்கு மேல் வேண்டாம். வயலின், குழல்: சரளி வரிசை இரண்டு காலத்தில் வந்தால் போதும். கீபோர்டு: ஆதார சுருதியும் பல்லவி மெட்டும் மட்டும். மிருதங்கம்: ஆதி தாளத்தில் பாடம் முடிந்திருக்க வேண்டும். பறை: எல்லாக் கருவியிலும் கடினமான பங்கு, சரணம் முடிந்ததும் இரண்டு ஆவர்த்தனம் தனியாக. பயிற்சி: பன்னிரண்டு அரைநாள். போட்டி நாளில் பறை காய்ச்ச, அரங்குக்கு வெளியே கொஞ்சம் வைக்கோலும் கால் மணி நேரமும்.