தரையில் படரும் ரோஜா: ஒரு நூற்றாண்டுத் தேடலின் வரலாறு

ரோஜா என்றதும் நம் இல்லங்களில் முதலில் நினைவுக்கு வருவது பன்னீரும் அத்தருமே. நிக்காஹ் மஜ்லிஸில் பன்னீர்ச் செம்பிலிருந்து தெளிக்கப்படும் நீரும், பெருநாள் காலையில் ஆடையில் தடவிக்கொள்ளும் அத்தரும் இம்மலரின் கொடைகளாகும். பாரசீக மொழியில் 'குல்' என்பது மலரையும், சிறப்பாக ரோஜாவையும் குறிக்கும். 'ஆப்' என்பது நீர். இரண்டும் சேர்ந்த 'குலாப்' என்னும் சொல் முதலில் பன்னீருக்கே உரியதாயிருந்து, பிற்காலத்தில் இந்திய மொழிகள் பலவற்றில் மலருக்கும் பெயராயிற்று.

மணத்தை அறிந்த அளவுக்கு அச்செடியின் வரலாற்றை நாம் அறிந்தோமில்லை. வீட்டுத் தோட்டம் வைத்திருப்போரிடம் கேட்டால், மருந்து அடிக்காமல் ரோஜா வளராது என்பார்கள். இது இம்மலரின் இயல்பன்று. மனிதரின் விருப்பம் அதன்மேல் ஏற்றிய சுமை. அச்சுமை எவ்வாறு ஏறியது, எவ்வாறு இறக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அந்தலூஸின் தோட்ட நூல்

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்று செவில் எனப்படும் இஷ்பீலியாவில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், 'கிதாபுல் ஃபிலாஹா' என்னும் வேளாண் நூலை இயற்றினார். 585 தாவரங்களைப் பற்றிப் பேசும் அப்பெருநூலில் ரோஜாவுக்கும் இடமுண்டு. முன்னோரின் நூல்களைக் கற்றதோடு நில்லாது, தம் கைப்பட நட்டுப் பார்த்து எழுதியவர் அவர். சிவப்பு, வெள்ளை ஆகியவற்றுடன் மஞ்சள் ரோஜாவையும் அவர் குறிப்பிடுகிறார். அம்மஞ்சள் நிறத்தை வாசகர்கள் நினைவிற் கொள்க. பின்னர் வரும் கதைக்கு அதுவே திருப்புமுனை.

தாயிஃப் மலைச்சரிவிலும், ஈரானின் காஷான் பகுதியிலும், துருக்கியின் இஸ்பார்த்தாவிலும் இன்றும் வாசனைக்காகப் பயிரிடப்படுவது தமஸ்கு ரோஜா. ஆண்டுக்கு ஒருமுறை, சில வாரங்களே அது பூக்கும். அதிகாலையில் பறித்த மலர் அன்றே வடிகலனுக்குச் செல்லும். எஞ்சிய மாதங்களில் அச்செடி பசுமையாக நின்றாற் போதும். ஆண்டு முழுவதும் பூத்துக் கண்ணைக் கவர வேண்டும் என்று எவரும் அதனிடம் எதிர்பார்த்ததில்லை.

மஞ்சள் நிறத்தின் விலை

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ரோஜாக் கண்காட்சிகள் பெருகின. இடைவிடாது பூப்பதும், ஒற்றைக் காம்பில் ஒற்றைப் பெருமலர் நிற்பதும் சிறப்பெனக் கருதப்பட்டன. ஆயினும் அவ்வகைகளில் அடர்ந்த மஞ்சள் நிறம் மட்டும் கிட்டவில்லை. 1837ஆம் ஆண்டளவில், ஈரானில் தூதராகப் பணியாற்றிய ஆங்கிலேயர் சர் ஹென்றி வில்லாக் அடுக்கு இதழ்கள் கொண்ட பாரசீக மஞ்சள் ரோஜாவை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அதன் நிறத்தைத் தோட்ட ரோஜாக்களில் ஏற்றுவது எளிதாக இல்லை. மகரந்தம் இட்டாலும் விதை பிடிப்பது அரிதாயிருந்தது.

பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் பெர்னே துஷே 1880களில் இம்முயற்சியைத் தொடங்கினார். பல்லாண்டு உழைப்புக்குப் பின் 1900இல் 'சொலெய் தோர்', அதாவது 'பொற்கதிரவன்' என்னும் ரோஜாவை வெளியிட்டார். முதல் உலகப் போரில் தம் இரு புதல்வரையும் இழந்த அவர், பின்னர் உருவாக்கிய இரு ரோஜாக்களுக்கு அவர்களின் பெயரையே சூட்டினார். இன்று நாம் காணும் மஞ்சள், செம்மஞ்சள் தோட்ட ரோஜாக்களுள் பெரும்பாலானவை அவர் திறந்த வழியில் வந்தவையே.

நிறத்தோடு ஒரு குறையும் சேர்ந்து வந்தது. பாரசீக மஞ்சள் வறண்ட நிலத்துச் செடி. ஈரம் மிகுந்த நாடுகளில் கரும்புள்ளி நோய்க்கு அது எளிதில் ஆட்படும். பூஞ்சையால் உண்டாகும் இந்நோயின் வித்துகள் முளைத்து உட்புக, இலை பல மணி நேரம் நனைந்திருந்தாற் போதும். கரிய வட்டங்கள் தோன்றி, இலை மஞ்சளித்து உதிர்ந்து, செடி வெறுங்கொம்பாக நிற்கும். தலைமுறை தலைமுறையாக அவ்வழியில் கலப்பினங்கள் பெருகியபோது இந்தப் பலவீனமும் பரவிற்று. நோய் பரவப் பரவ மருந்துத் தெளிப்பு பெருகியது. குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் நஞ்சு தெளித்து மலர் வளர்ப்பது இயல்பான வழக்கமாயிற்று.

கடலோரத்திலிருந்து வந்த கொடி

இக்குறைக்கான தீர்வு கிழக்கிலிருந்து வந்தது. 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மானியத் தாவரவியலாளர் மாக்ஸ் விச்சுரா ஜப்பானில் ஒரு காட்டு ரோஜாவைக் கண்டார். அவர் பெயராலேயே அது 'விச்சுரானா' எனப்பட்டது. பளபளக்கும் சிற்றிலைகளும் வெண்ணிறச் சிறு மலர்களும் கொண்ட அச்செடி நிமிர்ந்து வளராது. தரையோடு தவழ்ந்து, மண்ணைத் தொடும் கணுக்களில் வேர்விட்டுப் பரவும்.

முதலில் அதைக் கொண்டு பந்தலேறும் ரோஜாக்களையே உருவாக்கினர். 1901இல் அமெரிக்காவில் வெளியான 'டோரதி பெர்க்கின்ஸ்' பெரும்புகழ் பெற்றது. சாம்பல் நோயோ அதை விடவில்லை. 1919இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டிலிருந்து 'மாக்ஸ் கிராஃப்' வெளிவந்தது. விச்சுரானாவும், கடற்கரை மணலில் வளரும் ருகோசா என்னும் மற்றொரு கிழக்காசிய ரோஜாவும் இணைந்து பிறந்த அது, மேட்டுச்சரிவுகளைப் போர்வைபோல் மூடியது. நோயும் குளிரும் அதை அசைக்கவில்லை. எனினும் அது ஏறத்தாழ மலட்டுச்செடி. அதைக் கொண்டு மேலும் கலப்பினம் செய்ய இயலவில்லை.

ஜெர்மனியின் வில்ஹெல்ம் கோர்டஸ் அச்செடியிடமிருந்து விதை கிடைக்குமென ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். 1940ஐ ஒட்டி அரிதாய்க் கிடைத்த விதைகளிலிருந்து ஒரு நாற்று தப்பிப் பிழைத்தது. தாய்ச்செடியின் குரோமோசோம்கள் 14. அந்நாற்றிலோ அவை தாமாகவே இரட்டித்து 28 ஆகியிருந்தன. தோட்ட ரோஜாக்கள் பலவற்றுக்கும் அதே எண்ணிக்கையாதலால் இணைப்பு கைகூடியது. காட்டுச்செடியின் வலிமை தோட்டத்துக்குள் நுழைய வாயில் திறந்தது. மனிதர் செய்தது பொறுமையுடன் காத்திருந்தது மட்டுமே. அவ்விரட்டிப்பு இறைவனின் ஏற்பாட்டில் நிகழ்ந்தது.

மருந்தின்றிச் சோதித்தவர்கள்

இதன்பின் மலரின் பேரழகைவிடச் செடியின் ஆரோக்கியத்தை முதன்மையாகக் கொண்டு ரோஜாவைத் தேர்ந்தெடுக்கும் போக்கு வலுப்பெற்றது. ஜெர்மனியில் 'ஏ.டி.ஆர்.' எனப்படும் தேர்வில் புதிய ரோஜாக்கள் பல ஊர்களில் சில ஆண்டுகள் வளர்த்துப் பார்க்கப்படுகின்றன. 1990களின் பிற்பகுதி முதல் அங்கு நோய்மருந்தே தெளிப்பதில்லை. வெர்னர் நோவாக் உருவாக்கி, 1980களின் இறுதியில் வெளிவந்த இளஞ்சிவப்பு ரோஜா இத்தேர்வில் வென்று, 'ஃபிளவர் கார்ப்பெட்' என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. பூக்கம்பளம் என்பதே அப்பெயரின் பொருள். அதன் மூதாதையருள் விச்சுரானாவும் ஒன்று.

அமெரிக்காவின் மில்வாக்கியில் வில்லியம் ராட்லர், கரும்புள்ளி பிடித்த இலைகளைக் காயவைத்துப் பொடித்துத் தம் நாற்றுகளின்மேல் தூவி, நீரும் தெளித்து, நோயை வலிந்து வரவழைத்தார். அதிலும் வாடாமல் நின்றவற்றையே தேர்ந்தார். 2000இல் வெளியான அவருடைய 'நாக் அவுட்' படர்வதன்று, புதர்வகை. எனினும் மருந்தில்லா ரோஜா இயலும் என்பதைச் சாதாரணக் குடும்பங்களுக்கும் உணர்த்தியது அதுவே.

இங்கும் ஒரு விலை உண்டு. இப்புதிய வகைகளுள் பலவற்றில் மணம் மிகக் குறைவு. மேலும், ஒரே வகையை ஊரெங்கும் நட்ட அமெரிக்காவில், நுண்ணிய சிலந்திப்பேன் பரப்பும் 'ரோஸ் ரோஸெட்' என்னும் நச்சுயிரி நோய் அவற்றையும் வாட்டியது. ஒரு நோயை எதிர்த்து நிற்பது எல்லா நோயையும் வெல்வதாகாது.

நம் முற்றத்துக்கு

வெளிநாடுகளிலும் மலைப்பகுதிகளிலும் வாழும் நம் குடும்பங்கள் இவற்றை நட விரும்பினால், சில செய்திகளைக் கருத்திற் கொள்ளலாம். நாளொன்றுக்கு 6 மணி நேர வெயில் வேண்டும். நடுவதற்கு முன்பே களைகளை வேரோடு நீக்க வேண்டும். முட்செடி படர்ந்தபின் கைவிட்டுக் களைவது கடினம். சதுர மீட்டருக்கு 2 அல்லது 3 செடிகள் போதும். முதலாண்டில் வேர்வரை நனையுமாறு நீர்விட்டு, மண்ணின்மேல் மூடாக்கு இட வேண்டும். இலை நனையாமல், காலையில் அடிப்பகுதியில் நீர் ஊற்றுவதே கரும்புள்ளிக்குச் சிறந்த தடுப்பு. குளிர்காலம் முடியும் தறுவாயில் ஆண்டுக்கொருமுறை கவாத்து செய்தாற் போதும். மணம் வேண்டுவோர் அருகில் ஒரு தமஸ்கு ரோஜாவையும் வைத்துக்கொள்ளலாம். ஒரே செடியிடம் எல்லாவற்றையும் கேட்டதால்தானே இத்தனை தொல்லை விளைந்தது.

ஒரு முஸ்லிம் நட்ட செடியிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்பது நபிமொழியின் கருத்து. நாம் நடும் செடியை நாடி வரும் தேனீக்கும், அதனருகே விளையாடும் நம் பிள்ளைக்கும் நஞ்சு சேராமல் காப்பது அந்த நன்மையைப் பாழாக்காமல் காப்பதாகும். நிறத்துக்காக இழந்த நலத்தை மீட்க ரோஜா வளர்த்தோருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. அந்த உழைப்பின் பயனை, இன்ஷா அல்லாஹ், மருந்துப் புட்டியைத் தொடாமலே நம்மால் அனுபவிக்க முடியும்.